பொத்தானில் பதித்த நல்ல சமாரியர்

நம்முள் பலர் ஆலிவர் ட்விஸ்டைப் பள்ளிப் பருவத்திலேயே சந்தித்தவர்கள். சுருக்கிய பதிப்பாக, துணைப்பாட நூலாக, தேர்வுக்கு ஒரு கட்டுரை வினாவாக அந்த அனாதைச் சிறுவன் நம் வகுப்பறைக்குள் வந்து போனான். காலிக் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்ட காட்சி மட்டும் நினைவில் தங்கியது. மற்றவை கரைந்து போயின. வயது ஏறிய பின் முழு நாவலையும் எடுத்து வாசிக்கும்போது, பள்ளிப் பதிப்பு நமக்குக் காட்டாமல் விட்ட ஒரு சிறு பொருள் கண்ணில் படுகிறது. அது ஒரு பித்தளைப் பொத்தான்.

நாவலின் நான்காம் அதிகாரத்தில் அது வருகிறது. பம்பிள் என்பவர் பங்கின் சேவகர். பீடில் என்பது அந்தப் பதவியின் பெயர். முக்கோணத் தொப்பி, சரிகை வைத்த மேலங்கி, கைத்தடி ஆகியவை அவருடைய அதிகாரச் சின்னங்கள். சவப்பெட்டி செய்து விற்கும் சவர்பெர்ரி, மேலங்கியில் மின்னும் பொத்தான்களைப் பாராட்டுகிறார். பம்பிளுக்குப் பெருமை தாங்கவில்லை. பொத்தானில் உள்ளது பங்கின் முத்திரையில் இருக்கும் அதே உருவம் என்கிறார் அவர்: அடிபட்டுக் கிடந்தவனுக்கு மருந்திடும் நல்ல சமாரியர்! நிர்வாகக் குழு புத்தாண்டு நாளன்று அதை அவருக்கு வழங்கியது. அதை அவர் முதன்முதலாக அணிந்து சென்றது எதற்கு என்பதையும் அவரே சொல்கிறார். நொடித்துப்போன வணிகர் ஒருவர் நள்ளிரவில் யாரோ ஒருவருடைய வாசற்படியில் உயிர்விட்டார். அந்தச் சாவின் விசாரணைக்கு அணிந்து சென்றாராம். குளிராலும், உயிர்வாழத் தேவையானவை கிட்டாமையாலும் அவர் இறந்தார் என்று நடுவர் குழு முடிவு கூறியது. நிவாரண அலுவலரையும் அது குறை சொன்னது. பம்பிளின் சினமெல்லாம் அந்த நடுவர்கள் மீதுதான். இறந்த மனிதருக்காக அவரிடம் ஒரு பெருமூச்சும் இல்லை.

லூக்கா நற்செய்தியின் அந்த உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பொத்தான் சட்டென்று குத்துகிறது. டிக்கன்ஸ் இதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். ஆனால் இந்த ஒரு பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நாவலின் மாந்தரை ஒவ்வொருவராகப் பார்த்தால், அக்கால இங்கிலாந்தின் வரலாறு நமக்குத் தெளிவாகத் துலங்குகிறது.

முதலில் 'பங்கு' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நமக்குப் பங்கு என்றால் ஆலயம், திருப்பலி, பங்குத்தந்தை. அன்றைய இங்கிலாந்தில் பங்கு என்பது ஆங்கிலிக்கன் திருச்சபையின் பிரிவு மட்டுமன்று. வரி வசூலித்து ஏழைகளைப் பராமரிக்கும் அரசியல் அலகும் அதுவே. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரையிலான ஆண்டுகளில் துறவு மடங்களை மூடியபின், மடத்து வாயிலில் ஏழைகள் பெற்றுவந்த அன்னமும் தங்குமிடமும் அற்றுப்போயின. பின்னர் எலிசபெத் அரசியார் காலத்தில், 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் அந்தப் பொறுப்பைப் பங்குகளின் தோளில் ஏற்றியது. அதில் குறைகள் பல இருந்தன. எனினும் வேலையிழந்தவன் தன் வீட்டிலிருந்தபடியே ரொட்டியோ காசோ பெற அதில் வழியிருந்தது.

1834-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த வழியை அடைக்க முயன்றது. நாசோ சீனியர், எட்வின் சாட்விக் ஆகியோர் முன்னின்ற அரச ஆணையம், வீட்டுக்கே கிடைக்கும் உதவி ஏழைகளைச் சோம்பேறிகளாக்குகிறது என்று கருதியது. உடல்வலிமை உள்ளவருக்கு உதவி வேண்டுமானால் அவர் 'ஒர்க்ஹவுஸ்' என்ற ஏழையர் இல்லத்துக்குள் வர வேண்டும். இல்லத்தில் வாழ்பவரின் நிலை, வெளியே உழைக்கும் மிக ஏழைத் தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. கணவனை ஆண்கள் பகுதிக்கும் மனைவியைப் பெண்கள் பகுதிக்கும் பிள்ளைகளை வேறிடத்துக்கும் பிரித்தார்கள். ஏறத்தாழ 15,000 பங்குகள் 600 ஒன்றியங்களாகத் திரட்டப்பட்டன. இந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், தங்கள் செயல் நாட்டுக்கு நன்மை என்று உளமார நம்பியவர்கள். இதுதான் நம்மை அதிகம் அச்சுறுத்துவது.

சட்டம் வந்து மூன்றாண்டுகள்கூட ஆகாத நிலையில், 1837 பிப்ரவரியில், 'பென்ட்லியின் மிசலனி' என்ற மாத இதழில் ஆலிவரின் கதை தொடங்கியது. 1839 ஏப்ரல் வரை தொடர்ந்தது. டிக்கன்ஸ் அந்த இதழின் ஆசிரியர். அவருக்கு வயது இருபத்தைந்து. 'பங்குச் சிறுவன் ஒருவனின் பயணம்' என்ற பொருள்படும் துணைத் தலைப்பையும் கதைக்கு இட்டிருந்தார். ஜான் பனியனின் புகழ்பெற்ற நூலை நினைவூட்டும் தலைப்பு அது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று தமிழ்க் காப்பியமாக்கிய அதே நூல்தான். பனியனின் பயணி நாச நகரைவிட்டு வானகம் நோக்கி நடந்தான். பங்குச் சிறுவனோ ஏழையர் இல்லத்திலிருந்து லண்டனின் திருடர் குகையை நோக்கி நடந்தான்.

ஆலிவர் பிறந்த இரவிலேயே அவன் தாய் இறந்துபோகிறாள். தெருவில் விழுந்து கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். காலணி தேய்ந்து கிழிந்திருந்தது. விரலில் மண மோதிரம் இல்லை. மோதிரம் இல்லாதது ஒரு சிறு செய்தியன்று. மணமாகாமல் பிறந்த குழந்தையின் முழுச் சுமையையும் 1834-ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் மீதே சுமத்தியது. தந்தையிடம் பராமரிப்புக் கோரும் வழியை ஏறத்தாழ மூடிவிட்டது. 1844-இல்தான் அந்த விதி தளர்த்தப்பட்டது. பிறந்த குழந்தைக்குப் பெயரிட்டவர் பம்பிள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு அவர் அகரவரிசையில் பெயர் சூட்டுவார். முந்தைய குழந்தைக்கு எஸ் எழுத்தில் ஸ்வபிள். இவனுக்கு டி எழுத்தில் ட்விஸ்ட். அடுத்து வரப்போகிறவனுக்கு யூ எழுத்தில் அன்வின் என்ற பெயர் முன்கூட்டியே தயார். திருமுழுக்கில் பெயர் சொல்லி அழைக்கப்படுவதை வாழ்வின் தொடக்கமாகக் கொள்ளும் நாம், இந்தப் பதிவேட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பிறகு ஆலிவரை மான் என்ற அம்மையாரின் பராமரிப்புக்கு அனுப்புகிறார்கள். தலைக்கு வாரத்துக்கு ஏழரை பென்னி. அந்தத் தொகையின் பெரும்பகுதி அம்மையாரின் செலவுக்கே போய்விடும். பிள்ளைகள் பசியிலும் குளிரிலும் ஒவ்வொருவராய் மறைவார்கள். இதை மிகைப்படுத்தல் என்று அன்று சிலர் சொன்னார்கள். கதை முடிந்து பத்தாண்டுகளுக்குள், 1849 சனவரியில், லண்டனை அடுத்த டூட்டிங் என்ற ஊரில் உண்மையே கதையை மிஞ்சியது. ட்ரூவே என்பவர் நடத்திய விடுதியில் பல ஒன்றியங்கள் ஒப்படைத்திருந்த ஏறத்தாழ 1,400 ஏழைச் சிறுவர் சிறுமியர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். காலரா புகுந்தது, 150-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்டனர். ட்ரூவே மீது வழக்கு நடந்தது; அவர் விடுதலையானார். டிக்கன்ஸ் 'எக்ஸாமினர்' இதழில் அந்த விடுதியைப் பற்றிச் சினந்து எழுதினார்.

கஞ்சியைப் பற்றியும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வேளையும் நீர்த்த கஞ்சி, வாரம் இருமுறை ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி என்பது நாவலின் கணக்கு. ஏழையர் சட்ட ஆணையர்கள் வெளியிட்ட உணவுப் பட்டியல்கள் அவ்வளவு மோசமில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, சில நாள்களில் இறைச்சி எல்லாம் அவற்றில் உண்டு. ஆகவே டிக்கன்ஸ் இங்கே வண்ணத்தைக் கூட்டியிருக்கிறார் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் தவறு சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் இருப்பது தட்டுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. 1845-இல் ஆண்டோவர் ஏழையர் இல்லத்தில் நடந்தது வெளிவந்தது. உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் இருந்தவர்கள், அந்த அழுகிய எலும்புகளில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கித் தின்றார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1847-இல் ஆணையமே கலைக்கப்பட்டு வேறொரு வாரியம் அமைந்தது.

கூடுதல் கஞ்சி கேட்ட குற்றத்துக்காக ஆலிவரை ஐந்து பவுண்டுடன் யாருக்கேனும் தள்ளிவிட நிர்வாகக் குழு முடிவு செய்கிறது. புகைபோக்கி துடைக்கும் காம்ஃபீல்ட் என்ற முரடன் அவனைக் கேட்கிறான். அவன் தொழிலில் சிறுவர்கள் மூச்சடைத்து இறப்பது வழக்கம் என்று தெரிந்தவுடன் குழுவினர் பேரம் பேசுகிறார்கள். சிறுவனுக்கு வரவிருக்கும் ஆபத்தைக் காட்டித் தொகையை மூன்று பவுண்டு பத்து ஷில்லிங்காகக் குறைக்கிறார்கள்! கையெழுத்திட வேண்டிய வயோதிக நீதிபதி மைக்கூட்டைத் தேடும்போது தற்செயலாகச் சிறுவனின் வெளிறிய முகத்தைப் பார்த்துவிடுகிறார். அந்தப் பார்வையால்தான் ஆலிவர் தப்பினான். சட்டம் காப்பாற்றவில்லை, ஒரு கிழவர் தலை நிமிர்ந்து பார்த்தது காப்பாற்றியது.

சவர்பெர்ரியின் கடையில் ஆலிவர் கண்ட ஓர் அடக்கத்தை நாம் தாண்டிப் போக முடியவில்லை. ஓர் இருட்டு அறையில் பட்டினியால் இறந்த பெண். அவளுக்காகத் தெருவில் பிச்சை கேட்டதற்குக் கணவனைச் சிறையில் அடைத்தார்கள். அவன் திரும்பி வந்தபோது அவள் செத்துக்கொண்டிருந்தாள். கல்லறையில் குருவானவர் நெடுநேரம் கழித்து வருகிறார். அடக்கச் செபங்களில் நான்கு நிமிடத்துக்குள் அடங்கும் அளவை வாசித்துவிட்டு, மேலாடையைக் கழற்றிக் கொடுத்துப் போய்விடுகிறார். குருவும் லேவியரும் விலகிப் போனதை நாம் மறைநூலில் கேட்டிருக்கிறோம். இங்கே குரு நின்றுவிட்டு, நான்கு நிமிடம் கழித்து விலகுகிறார்.

அதே கடையில் நோவா கிளேபோல் என்ற பையன் வேலை செய்கிறான். அறப்பள்ளியில் படித்தவன். தெருப் பையன்களிடம் ஏச்சு வாங்கிப் பழகியவனுக்குத் தனக்கும் கீழே ஒருவன் கிடைத்ததில் பேரானந்தம். தனக்குப் பெற்றோர் உண்டு, ஆலிவருக்கு இல்லை என்பதே அவனுடைய குலப்பெருமை. ஏழை ஏழையை இழிவுசெய்வதை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய எழுத்துகள் குறைவே. நாவலின் முடிவில் அவன் தேர்ந்தெடுக்கும் தொழிலையும் சொல்லிவிடுவோம். ஞாயிறு வழிபாட்டு வேளையில் அவனுடைய துணைவி மதுக்கடை வாசலில் மயங்கி விழுவாள். இரக்கப்பட்ட கடைக்காரர் பிராந்தி கொடுத்துத் தெளிவிப்பார். மறுநாள் நோவா அவர்மீது புகார் செய்து அபராதத்தில் பாதியைப் பெறுவான். இரக்கம் காட்டியவனைக் காட்டிக்கொடுத்துப் பிழைப்பது! சட்டமும் அவனுக்குப் பங்கு கொடுக்கிறது.

அடி தாங்காமல் ஆலிவர் ஓடுகிறான். லண்டனுக்கு எழுபது மைல். வழியில் சில ஊர்களில் பிச்சை எடுப்போருக்குச் சிறை என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். சுங்கச்சாவடிக் காவலர் ஒருவரும், கப்பல் உடைந்து எங்கோ திரியும் பேரனை நினைத்து ஏங்கும் மூதாட்டி ஒருத்தியும் தந்த உணவால்தான் அவன் உயிர் தங்கியது. இவ்விருவருக்கும் டிக்கன்ஸ் பெயர்கூடச் சூட்டவில்லை. ஏழாம் நாள் காலை பார்னெட் என்ற ஊரில், இரத்தம் கசியும் பாதங்களோடு ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். மக்கள் போகிறார்கள், வருகிறார்கள். சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள், யாரும் நிற்கவில்லை. கவலையின்றிக் கடந்து போன ஒரு பையன் மட்டும் சில நிமிடங்களில் திரும்பி வந்து, எதிர்ப்புறத்தில் நின்று உற்றுப் பார்க்கிறான். பிறகு சாலையைக் கடந்து அருகே வருகிறான். பசியா என்று விசாரிக்கிறான். பன்றி இறைச்சியும் ரொட்டியும் வாங்கித் தருகிறான். விடுதிக்கு அழைத்துப் போய்ப் பருகக் கொடுக்கிறான். இரவு தங்கவும் இடம் உண்டு என்கிறான்.

அவன்தான் ஜாக் டாக்கின்ஸ், எவரையும் ஏய்ப்பதில் கைதேர்ந்த ஜேப்படித் திருடன். உவமையில் உள்ளபடியே எல்லாம் நடக்கிறது: சாலை, கிடப்பவன், கடந்து போவோர், நின்றவன், சத்திரம், செலவு. ஆனால் நின்றவன் தன் கூட்டத்துக்கு ஆள் பிடிப்பவன். நல்ல சமாரியரைப் பொத்தானில் அணிந்தவர்கள் சாலையைக் காலியாக விட்டுவிட்டார்கள். அந்தக் காலியிடத்தில் ஃபேகினின் ஆள் வந்து நிற்கிறான். வறுமை எப்படிக் குற்றமாகிறது என்பதற்கு டிக்கன்ஸ் வேறு விளக்கம் எழுதவில்லை. பசித்தவனிடம் முதலில் யார் வந்து சேர்கிறார்களோ அவர்களுக்கு அவன் சொந்தமாகிறான்.

ஃபேகினின் குகை இருந்த சாஃப்ரன் ஹில்லும் ஃபீல்ட் லேனும் கற்பனை இடங்கள் அல்ல. திருடிய கைக்குட்டைகள் கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய உண்மையான சந்துகள். அங்கே நுழைந்த ஆலிவருக்குக் கிடைத்தது வறுத்த இறைச்சியும் சூடான பானமும் படுக்கையும். கைக்குட்டை எடுக்கும் விளையாட்டைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்கிறான். அவனைச் சிரிக்கவைத்தது திருடர் இல்லம்! டிக்கன்ஸ் 1843-இல் அதே ஃபீல்ட் லேனில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பள்ளிக்குச் சென்று பார்த்துக் கலங்கினார். அந்தப் பகுதியில் ஏழை இத்தாலியக் கத்தோலிக்கர் பலர் குடியேறியிருந்தனர். புனித வின்சென்ட் பல்லோட்டி 1845-இல் அவர்களுக்கென ஒரு கோவில் வேண்டுமென முயன்றார். அவர் மறைந்தபின் 1863-இல் திறக்கப்பட்ட புனித பேதுரு இத்தாலியக் கோவில் சாஃப்ரன் ஹில்லுக்கு அருகிலேயே நிற்கிறது. லண்டன் செல்லும் நம்மவர் கண்டு வரலாம்.

ஃபேகினைப் பற்றிப் பேசும்போது டிக்கன்ஸின் குறையையும் பேசியாக வேண்டும். 1824-இல் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போன நாள்களில், பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் காலணி மையை அடைக்கும் தொழிற்கூடத்தில் புட்டிகளுக்குக் காகிதம் ஒட்டினார். இந்த அவமானத்தை அவர் தம் நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டுமே வெளியிட்டார். 1870-இல் அவர் இறந்த பிறகே உலகம் அறிந்தது. அங்கே ஒரு நாள் அவர் வலியால் துடித்தபோது, வெந்நீர் நிரப்பிய புட்டிகளை விலாவில் வைத்து ஒத்தடம் கொடுத்த பையனின் பெயர் பாப் ஃபேகின். தமக்கு உதவிய கையின் பெயரைத் தம் கதையின் கொடியவனுக்கு ஏன் கொடுத்தார்? அந்தத் தொழிற்கூடத்தோடு நிரந்தரமாக ஒட்டிப்போய்விடுவோமோ என்ற அச்சமே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த அன்பே அவரைப் பிடித்து வைக்கும் வலையாக இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை, அவனை யூதன் யூதன் என்றே நூற்றுக்கணக்கான தடவை அழைத்தது. சமாரியர் உவமையின் கூர்மையே, கேட்பவர்கள் வெறுத்த இனத்தானை அயலானாகக் காட்டியதில் இருக்கிறது. டிக்கன்ஸோ தம் வாசகர்கள் வெறுத்த இனத்தானைப் பேயாகக் காட்டினார். 1863-இல் எலிசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி, அவருடைய முந்தைய வீட்டை வாங்கியவரின் மனைவி, அது தம் மக்களுக்கு இழைத்த அநீதி என்று கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் முதலில் தம்மை நியாயப்படுத்திப் பதில் எழுதினார். ஆயினும் அடுத்த நாவலில் ரையா என்ற நல்ல யூத முதியவரைப் படைத்தார். 1867-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆலிவர் கதையின் பிற்பகுதியிலிருந்து அந்தச் சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். புகழின் உச்சியில் இருந்தவர் ஒரு வாசகியின் சொல்லுக்குச் செவிகொடுத்துத் தம் நூலைத் திருத்தினார். நம் திருச்சபையும் யூதமக்களைப் பற்றிய தன் பேச்சைத் திருத்திக்கொள்ள 1965-ஆம் ஆண்டின் 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கை வரை காத்திருந்ததை நினைத்தால், டிக்கன்ஸ் மீது கல்லெறிய நமக்குக் கை எழவில்லை.

ஜாக் டாக்கின்ஸ் ஒரு வெள்ளிப் பொடிடப்பாவால் பிடிபடுகிறான். நீதிமன்றத்தில் பெரிய மனிதர்போலத் தன் உரிமைகளைப் பற்றி முழங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறான். ஜேப்படிக்குத் தூக்கு என்ற சட்டம் 1808-இல் நீங்கியிருந்தது. அவனுக்குக் காத்திருந்தது நாடுகடத்தல். ஏழையர் சட்டம் வந்த அதே 1834-இல், இன்றைய டாஸ்மேனியாவில் பாயின்ட் பியூர் என்ற இடத்தில் சிறுவர் கைதிகளுக்கென்று தனி முகாம் திறக்கப்பட்டது. 1849 வரை சுமார் 3,000 சிறுவர்கள் அங்கே அடைபட்டார்கள். டாக்கின்ஸைப் போன்ற பையன்கள்தாம் அங்கே போனவர்கள். ஆலிவரை விசாரித்த ஃபாங் என்ற கடுமூஞ்சி நீதிபதிக்கும் ஓர் அசல் உண்டு: ஹேட்டன் கார்டன் நீதிமன்றத்தின் ஆலன் லாயிங். நாவல் வந்துகொண்டிருந்தபோதே, 1838-இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இனி, நின்றவர்களைப் பார்ப்போம். பிரவுன்லோ என்ற முதியவர் தம் கைக்குட்டையைத் திருடியதாக ஐயப்பட்ட பையனையே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சல் தீரும்வரை பார்த்துக்கொள்கிறார். மேலி அம்மையாரும் ரோஸும், தங்கள் வீட்டில் திருட வந்தவர்களோடு வந்து குண்டடிபட்ட சிறுவனைப் படுக்கையில் கிடத்திக் காக்கிறார்கள். அருமையான பக்கங்கள் இவை. ஆனால் கதை முடியும்போது என்ன தெரியவருகிறது? பிரவுன்லோ ஆலிவருடைய தந்தையின் நெருங்கிய நண்பர்; ரோஸ் அவன் தாயின் தங்கை! இந்த முடிச்சு நமக்கு ஏமாற்றமே அளிக்கிறது. அயலாரின் பிள்ளை என்று எண்ணிக் காத்தது உறவுப் பிள்ளையாகிவிடுகிறது. உவமை இதற்கு எதிர்த்திசையில் அல்லவா நடந்தது? ஏழையர் இல்லத்தில் வளர்ந்தும் ஆலிவர் பண்பட்ட மொழியில் பேசுவதும் இதனோடு சேர்ந்ததே. நல்ல குடியில் பிறந்தவன் கெட்டுப்போக மாட்டான் என்று வாசகர்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது. டாக்கின்ஸுக்கு அப்படிச் சித்தி யாரும் தோன்றவில்லை.

எந்த உறவும் இல்லாமல், எதையும் எதிர்பாராமல் ஆலிவருக்காகச் சாலையைக் கடந்தவள் நான்சி ஒருத்தியே. ஆலிவரின் வயதில் பாதிகூட ஆகுமுன்னே ஃபேகினுக்காகத் திருடத் தொடங்கியவள். ஆலிவரைப் பிடித்துக் கொடுத்தவளும் அவளே. பின்பு அவனைக் காக்க லண்டன் பாலத்தின் படிகளில் இரகசியமாக ரோஸையும் பிரவுன்லோவையும் சந்திக்கிறாள். அவர்கள் அடைக்கலம் தர முன்வருகிறார்கள், பணம் தருகிறார்கள். அவள் மறுக்கிறாள், ரோஸின் கைக்குட்டையை மட்டும் வாங்கிக்கொள்கிறாள். பில் சைக்ஸ் அவளை அடித்துக் கொல்லும் இரவில், அந்த வெள்ளைக் கைக்குட்டையைக் கூப்பிய கரங்களில் வானோக்கி உயர்த்தி இறைவனிடம் இரக்கம் கேட்டுச் சாகிறாள். கைக்குட்டை திருடவே பழக்கப்பட்ட கைகளில், கொடையாகப் பெற்ற ஒரு கைக்குட்டை. இத்தகைய பெண்ணைக் கதையில் காட்டலாமா என்று அன்றைய கண்ணியவான்கள் முகம் சுளித்தார்கள். 1841-ஆம் ஆண்டு முன்னுரையில் டிக்கன்ஸ், தாம் எழுதியது உண்மை என்று அடித்துச் சொன்னார். 1847-இல் ஆஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற செல்வப் பெண்மணியின் பொருளுதவியோடு, நான்சியைப் போன்றோர் புதுவாழ்வு தொடங்க ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஓர் இல்லம் திறந்து, பல ஆண்டுகள் அதன் அன்றாடக் காரியங்களையும் கவனித்தார்.

சைக்ஸ் தப்பியோடி மாள்கிற ஜேக்கப்ஸ் ஐலண்ட் சேரியைப் பற்றி ஒன்று மட்டும். லண்டன் நகரத் தலைவர்களில் ஒருவரான சர் பீட்டர் லாரி, அப்படி ஓர் இடமே இல்லை, அது டிக்கன்ஸின் கற்பனை என்று 1850-இல் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே காலராவால் மக்கள் செத்திருந்தார்கள்.

இதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் நடந்ததையும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது. 1833-இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர், சில நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினார். அதுவே நம் பங்குகளில் பலர் அறிந்த புனித வின்சென்ட் தே பவுல் சபை. 1844-இல் அது லண்டனுக்கும் வந்தது. சட்டம் ஏழையைத் தன் கதவுக்கு வரவழைத்தது. அந்த மாணவர்கள் ஏழையின் கதவைத் தட்டினார்கள். இப்படிச் சொல்லும்போதே நமக்குள் ஒரு கூச்சமும் எழுகிறது. உதவி வழங்கும் விழாவில் பெறுகிறவரை மேடையேற்றி நிழற்படம் எடுப்பதும், அன்பர் பெயரைக் கல்லில் பொறிப்பதும் நம் ஊர்களிலும் நடப்பவைதாமே. பித்தளையில் நல்ல சமாரியரைப் பதிப்பது எளிது.

பம்பிளின் கதை விசித்திரமாக முடிகிறது. ஏழையர் இல்லத் தலைமைப் பதவிக்கு ஆசைப்பட்டு, அங்கிருந்த கார்னி அம்மையாரை மணக்கிறார். பதவி மாறியதும் சரிகை அங்கியும் முக்கோணத் தொப்பியும் அவரை விட்டுப் போகின்றன. அங்கியோடு பொத்தான்களும் அடுத்த பீடிலுக்குப் போயிருக்கும். ஆலிவரின் தாயுடைய நகையை மறைத்த குற்றத்துக்காகப் பதவி இழந்து, வறுமை முற்றி, தாம் ஆண்ட அதே இல்லத்துக்குள் ஏழைகளாக நுழைகிறார்கள் இருவரும். விதிப்படி கணவனும் மனைவியும் பிரிக்கப்படுகிறார்கள். ஏழையர் சட்டத்தை நடத்திய பாதுகாவலர் குழுக்கள் 1930-இல் கலைந்தன. சட்டம் 1948-இல் முற்றிலும் நீங்கியது. லண்டன் கிளீவ்லண்ட் தெருவில் பழைய ஏழையர் இல்லக் கட்டடம் ஒன்று இடிபடவிருந்தது. அதிலிருந்து சில வீடுகள் தள்ளியே இளம் டிக்கன்ஸ் குடியிருந்தார் என்பதை ரூத் ரிச்சர்ட்சன் என்ற வரலாற்றாசிரியர் கண்டுபிடித்தார். 2011-இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று.

பம்பிள் ஒளித்த அந்த நகைக்குள் ஒரு பொன் மோதிரம் இருந்தது. அதன் உட்புறம் ஆக்னஸ் என்ற பெயரும், குடும்பப் பெயருக்கென விட்ட வெற்றிடமும் இருந்தன. நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க் கோவிலில் வெண்பளிங்குப் பலகை ஒன்று நிற்கிறது. அதிலும் ஆக்னஸ் என்ற ஒரு சொல் மட்டுமே. அந்தக் கல்லறைக்குள் சவப்பெட்டி இல்லை.

அனாதைகளின் பட்டியலில் இன்னொருவன் மிச்சமிருக்கிறான். மான் அம்மையாரின் விடுதியில் ஆலிவரோடு பசித்து, அடிபட்டு வளர்ந்த டிக் என்ற சிறுவன். ஆலிவர் ஓடிப்போன விடியற்காலையில், தோட்டத்துக் கதவின்மேல் ஏறி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆசி கூறினான். ஆலிவர் தன் வாழ்வில் பெற்ற முதல் ஆசி அது. பின்னொரு நாள் டிக், தான் சாகுமுன் ஆலிவருக்குத் தன் அன்பைச் சொல்லி யாரேனும் ஒரு தாளில் எழுதி வைப்பார்களா என்று கேட்டபோது, பம்பிள் திகைத்துப் போனார். இதையும் ஆலிவர் கற்றுக்கொடுத்த கேடு என்றே கொண்டார். யாரும் எழுதவில்லை. ஆலிவர் நல்ல உடையணிந்து, வண்டியில் அமர்ந்து, டிக்கை அழைத்துப் போகத் திரும்பி வருகிறான். டிக் இறந்துவிட்டான். அகரவரிசைப் பதிவேட்டில் அவனுடைய குடும்பப் பெயர் எந்த எழுத்தில் இருந்தது என்று டிக்கன்ஸ் எங்கும் சொல்லவில்லை.